உயிரணு தந்த மறுமொழி

மக்காச்சோளப் பயிரை உற்று நோக்கியவர்கள் அதன் அமைப்பில் ஒரு தனித்தன்மையைக் கண்டிருப்பர். நெல்லிலும் கோதுமையிலும் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் அடங்கியிருக்க, மக்காச்சோளம் அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. தண்டின் உச்சியில் கொண்டைபோல விரிந்து நிற்பது ஆண்கதிர். தண்டின் நடுவே, இலையின் கக்கத்தில், பட்டு இழைகளைத் தொங்கவிட்டு நிற்பது பெண்கதிர். மணிகள் பிடிப்பது அதில்தான். உச்சியிலிருந்து உதிரும் மகரந்தத்தூள் காற்றில் மிதந்து வந்து ஓர் இழையில் படிந்தால் ஒரு மணி உருவாகும். ஓர் இழைக்கு ஒரு மணி என்பதே கணக்கு.

இந்தச் சிறிய உண்மையிலிருந்து ஒரு பெரிய வணிகம் எழுந்தது. அதிலிருந்து ஒரு பெரிய அழிவும், அந்த அழிவின் நடுவே ஓர் அரிய அறிவும் பிறந்தன. அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் காண விழைகிறோம். கண்ணாடித் தட்டில் ஒரு சிறு துளித் திசுவை வளர்த்து, அதிலிருந்து முழுப் பயிரையே மீண்டும் எழுப்பும் திசு வளர்ப்புக் கலை மக்காச்சோளத்தில் எவ்வாறு கைகூடியது, அது மனிதருக்கு எதைத் தந்தது, எதைத் தர மறுத்தது என்பதே நம் பொருள்.

கையால் ஒடித்த காலம்

மெக்சிகோவின் தென்பகுதியில், பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அறுவடைதோறும் நல்ல கதிரைத் தேர்ந்து, அடுத்த பருவத்திற்கு விதையாக எடுத்து வைத்த எளிய உழவர்களின் கைவேலை அது. மலைச்சரிவுக்கு ஒன்று, பள்ளத்தாக்கிற்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று எனப் பல்வகை விதைகள் அவர்கள் கையில் பெருகின.

1908-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் ஷல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரே குடும்பத்திற்குள் தலைமுறை தலைமுறையாகத் தன்கலப்புச் செய்யப்பட்டு நலிந்துபோன இரு வழிகளை ஒன்றோடொன்று கலந்தால், பிறக்கும் பயிர் பெற்றோரை விஞ்சிய வீரியத்துடன் எழுகிறது என்பதே அது. 1930-களில் இந்த வீரிய ஒட்டு விதை அமெரிக்க வயல்களில் பரவலாயிற்று. ஆயினும் அவ்விதையை உண்டாக்குவது பெரும் உழைப்பைக் கோரியது. இரு வழிகளையும் அடுத்தடுத்த வரிசைகளில் விதைத்து, தாய் வரிசையின் ஆண்கதிர்கள் மகரந்தம் உதிர்க்கும் முன்பே அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் ஒடித்தெறிய வேண்டும். கோடை வெயிலில் பள்ளி மாணவரும் கூலியாட்களும் வரிசை வரிசையாக நடந்து இவ்வேலையைச் செய்தனர்.

இயற்கையிலேயே மகரந்தம் இல்லாத தாய்ச்செடி ஒன்று கிடைத்தால் இந்தக் கூலியெல்லாம் மிச்சமாகும் அன்றோ? அத்தகைய செடி டெக்சாஸ் மாநிலத்தில் கிடைத்தது. 1952-இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதன் ஆண்மலட்டுத்தன்மை உட்கருவில் உள்ள மரபணுக்களைச் சார்ந்ததன்று. உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் தங்கி, தாய் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்வது. தந்தை வழியில் வளத்தை மீட்டுத்தரும் மரபணுக்களைச் சேர்த்துவிட்டால், உழவரின் வயலில் பயிர் வழக்கம்போல் மணி பிடிக்கும். 'டி-சைட்டோபிளாசம்' எனப்பட்ட இவ்வழி விரைந்து பரவியது. 1970-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விதைக்கப்பட்ட ஒட்டு விதையில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ஒரே தாய்வழியைச் சேர்ந்ததாக இருந்தது.

கேளாத எச்சரிக்கை

1961-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. டி-சைட்டோபிளாசம் கொண்ட மக்காச்சோளம் ஹெல்மிந்தோஸ்போரியம் மேடிஸ் என்னும் பூஞ்சணத்தால் வரும் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று மெர்காடோ, லாண்டிக்கான் ஆகிய இரு ஆய்வாளர்கள் தம் நாட்டு வேளாண் இதழில் எழுதினர். வெப்ப நாட்டுக்கே உரிய ஏதோ ஒரு குறை என்று அது ஒதுக்கப்பட்டது. பெரிய நாடுகளின் செவிக்குச் சிறிய நாடுகளின் குரல் எளிதில் எட்டுவதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த எச்சரிக்கை மெய்யாயிற்று. 1970-இல் அப்பூஞ்சணத்தின் புதிய இனம் ஒன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோன்றியது. வெப்பமும் ஈரமும் துணைசெய்ய, காற்றிலே வித்துகளைப் பரப்பி, கோடை முடிவதற்குள் வடக்கே மக்காச்சோள நாடு முழுவதையும் எட்டிவிட்டது. இலைகள் கருகின, தண்டுகள் சாய்ந்தன, கதிர்கள் அழுகின. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. இழப்பு சுமார் 100 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. இப்பூஞ்சணம் ஒரு நச்சைச் சுரந்தது. மற்றத் தாய்வழிகளை அந்நச்சு அவ்வளவாக வாட்டவில்லை. டி-சைட்டோபிளாசத்தையோ குறிபார்த்து அழித்தது. நாடு முழுவதும் ஒரே தாயின் பிள்ளைகளாக நின்ற பயிர்களுக்கு ஒரே நோயே போதுமானதாயிற்று.

விதை நிறுவனங்கள் பழைய தாய்வழிக்கும் கையால் ஒடிக்கும் பழைய முறைக்கும் திரும்பின. ஆயினும் ஆய்வாளர் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மலட்டுத்தன்மையை வைத்துக்கொண்டு நோயை மட்டும் விலக்க முடியாதா? கோடிக்கணக்கான உயிரணுக்களைக் கண்ணாடியில் வளர்த்து, அதே நச்சை அவற்றிற்கு ஊட்டி, பிழைத்தவற்றிலிருந்து பயிரை எழுப்பினால் என்ன? வயலில் பல்லாண்டு தேட வேண்டியதை ஒரு தட்டில் சில மாதங்களில் தேடிவிடலாமே! ஆனால் இதற்கு முன் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. மக்காச்சோளத் திசுவிலிருந்து முழுச்செடியை எழுப்பும் வழி அன்று எவருக்கும் தெரியாது.

இணங்க மறுத்த தானியம்

ஓர் உயிரணுவிலிருந்து ஒரு முழுச்செடி எழ முடியும் என்னும் கருத்து பழையது. 1902-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய காட்லீப் ஹேபர்லாண்ட், இலைகளிலிருந்து தனி உயிரணுக்களைப் பிரித்து ஊட்டக் கரைசலில் வைத்துப் பார்த்தார். அவை சில வாரங்கள் உயிரோடு இருந்தன, பருத்தன, ஆனால் ஒன்றுகூடப் பிரிந்து பெருகவில்லை. தோல்வியை மறைக்காமல் எழுதிய அவர், என்றேனும் ஒருநாள் இத்தகைய உயிரணுக்களிலிருந்து செயற்கைக் கருக்களை வளர்க்க இயலும் என்றும் எழுதி வைத்தார். 1945-இல் அவர் மறைந்தபோது அந்த முன்னுரை இன்னும் நிறைவேறவில்லை.

நிறைவேற்றம் 1958-இல் வந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவார்ட் என்பவரும் அவர் குழுவினரும் கேரட் கிழங்கின் உயிரணுக்களை வளர்த்துக் கருவைப் போன்ற வடிவங்களையும், பின்னர் முழுச்செடிகளையும் பெற்றனர். அவ்வுயிரணுக்களைப் பெருகச் செய்த ஊட்டத்தில் நமக்குப் பழக்கமான ஒரு பொருளும் இருந்தது; அது தேங்காயின் இளநீர். வளரும் கருவுக்கென்று தென்னை சேர்த்துவைத்த உணவு கேரட்டின் உறக்கத்தையும் கலைத்தது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1957-இல், ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் ஆக்சின், கைனட்டின் ஆகிய இரு வளர்ச்சி ஊக்கிகளின் விகிதத்தை மாற்றிப் புகையிலைத் திசுவில் வேரையோ தளிரையோ விரும்பியபடி தோற்றுவிக்கலாம் எனக் காட்டியிருந்தனர்.

கேரட்டும் புகையிலையும் இணங்கின, மக்காச்சோளம் இணங்கவில்லை. 1949-இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் லாரூ மக்காச்சோள மணியின் உணவுத் திசுவை வளர்த்து வெளியிட்டிருந்தார். அது பெருகியது, ஆனால் தளிர் விடவில்லை. புல்லினத் தாவரங்களின் முதிர்ந்த உயிரணுக்கள் பிரியும் ஆற்றலை விரைவில் இழந்துவிடுகின்றன. இலையைக் கொடுத்தாலும் தண்டைக் கொடுத்தாலும் பயனில்லை.

1975-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரீன், பிலிப்ஸ் ஆகிய இருவர் வழி கண்டனர். முதிர்ந்த உறுப்புகளை விடுத்து, மகரந்தம் சேர்ந்து இரண்டு மூன்று வாரமேயான இளங்கருவை மணியிலிருந்து பிரித்தெடுத்தனர். அக்கருவின் ஒரு பக்கத்தில் கேடயம் போன்ற ஒரு திசு உண்டு. மணியில் சேர்ந்த உணவை உறிஞ்சிக் கருவுக்கு ஊட்டுவது அதுவே. அத்திசு மேல்நோக்கி இருக்குமாறு கருவை ஊட்டத் தளத்தில் வைத்தபோது அதிலிருந்து வெளிர்நிறத் திசுக்குவியல் ஒன்று பெருகியது. பெருகச் செய்தது 2,4-டி என்னும் வேதிப்பொருள். நம் உழவர்கள் களைக்கொல்லியாக அறிந்திருப்பது இதையே. வியட்நாம் போரில் காடுகளை இலையுதிரச் செய்யத் தூவப்பட்ட கலவையில் பாதியும் இதுவே. வயலில் அளவு மீறித் தெளித்தால் அகன்ற இலைச் செடிகளை முறுக்கிக் கொல்லும் அப்பொருள், தட்டிலே மிகச் சிறிய அளவில் உயிரணுவைத் துயிலெழுப்பியது. பின்பு அதை நீக்கிய தளத்திற்குத் திசுவை மாற்றியபோது தளிர்களும் வேர்களும் தோன்றின. அச்செடிகள் மண்ணுக்கு மாற்றப்பட்டு வளர்ந்து முதிர்ந்தன.

எல்லா வழிகளும் இதற்கு இணங்கவில்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. நன்கு இணங்கியது ஏ-188 என்னும் மினசோட்டா வழி. வயலில் அது சிறப்பாக விளையாத, உழவர் விரும்பாத வழி. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றிய திருப்பாடல் அடி இங்கு நம் நினைவுக்கு வருவது இயல்பே. 1990-இல் மக்காச்சோளத்தில் அயல் மரபணுவைப் புகுத்தி வளமான செடிகளை முதன்முதலாக எழுப்பியபோதும், அந்த எளிய வழியின் உறவு கலந்த திசுவே கைகொடுத்தது.

பிரிக்க முடியாத இரண்டு

வழி கிடைத்ததும் பழைய கேள்வி மீண்டும் எடுக்கப்பட்டது. ஜெங்கன்பாக், கிரீன், டொனோவன் ஆகிய மூவர் டி-சைட்டோபிளாசம் கொண்ட கருக்களிலிருந்து திசுவைப் பெருக்கினர். அதற்குப் பூஞ்சண நச்சை ஊட்டினர். பெரும்பகுதி மடிந்தது, சில பகுதிகள் தாங்கி நின்றன. தாங்கியவற்றை மீண்டும் மீண்டும் நச்சுக்கு உட்படுத்தி, இறுதியில் அவற்றிலிருந்து செடிகளை எழுப்பினர். 1977-இல் முடிவு வெளிவந்தது. செடிகள் நச்சைத் தாங்கின; அப்பண்பு தாய் வழியாக அடுத்த தலைமுறைக்கும் சென்றது. உயிரணுவைத் தேர்ந்தெடுத்துப் பயிரைத் திருத்தலாம் என்னும் கனவு நனவாகியதுபோல் தோன்றியது.

ஆனால் அச்செடிகளின் உச்சியில் ஆண்கதிர்கள் மகரந்தத்தை உதிர்த்துக்கொண்டிருந்தன. நோயைத் தாங்கிய செடிகள் எல்லாம் மலட்டுத்தன்மையை இழந்திருந்தன. கூலியை மிச்சப்படுத்த வேண்டும் என்று எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ, அதுவே போய்விட்டது. 1980-இல் வேறொரு குழுவினர் இன்னும் வியப்பான செய்தியை அறிவித்தனர். நச்சே காட்டாமல் வளர்த்த டி-வழித் திசுக்களிலிருந்து எழுந்த செடிகளிலும் பல, தாமாகவே வளமும் எதிர்ப்பாற்றலும் பெற்றிருந்தன. எத்தனை முறை முயன்றாலும் இரு பண்புகளும் கைகோத்தே வந்தன, கைகோத்தே போயின.

காரணம் 1986-இல் தெரியவந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூயி, லெவிங்ஸ், டிமத்தி ஆகியோர் மைட்டோகாண்டிரியாவின் மரபுப்பொருளில் ஒரு விந்தையான மரபணுவைக் கண்டனர். வேறு மரபணுக்களின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியதால் தற்செயலாக உருவானது அது. அது ஆக்கும் சிறு புரதம் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் அமர்கிறது. மகரந்தத்திற்கு ஊட்டமளிக்கும் உள்ளடுக்கில் மைட்டோகாண்டிரியா சிதைவதற்கு அதுவே காரணம், அதனால் மலடு. பூஞ்சணத்தின் நச்சு வந்து பற்றிக்கொள்வதும் அதே புரதத்தைத்தான். பற்றியதும் சவ்வில் துளை விழுகிறது, உயிரணு மடிகிறது. கண்ணாடித் தட்டில் தேறிய செடிகளில் அம்மரபணு முற்றிலும் நீங்கியிருந்தது, அல்லது சிதைந்து செயலற்றுப் போயிருந்தது.

ஆக, மனிதர் விரும்பிய நன்மையும் அஞ்சிய தீமையும் இரண்டல்ல. ஒரே பொருளின் இரு முகங்கள் அவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு என்று மனிதர் கேட்டனர்; முடியாது என்று உயிரணு மறுமொழி தந்தது. கோதுமையும் களையும் பற்றிய ஆண்டவரின் உவமை இங்கே நம் உள்ளத்தில் எழலாம். அவ்வுவமை இறையாட்சியையும் தீர்ப்பையும் பற்றியது. அதை உழவியல் பாடமாக்குவது முறையன்று. எனினும் பின்னிக்கிடக்கும் வேர்களை அவசரப்பட்டுப் பிரிக்க முனைவோர்க்குப் பொறுமை வேண்டும் என்னும் பொருளில், இந்த மைட்டோகாண்டிரியாவின் கதை அதற்குத் தொலைவில் இல்லை.

தட்டிலிருந்து வயலுக்கு

அப்படியாயின் திசு வளர்ப்பு வீண் முயற்சியோ? அல்ல. 1981-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் லார்கின், ஸ்கோக்ராப்ட் என்னும் இருவர், திசு வளர்ப்பில் எழும் செடிகள் தாயின் அச்சு நகல்களாக அமையாமல் பலவாறு வேறுபடுவதைத் தொகுத்துக் காட்டினர். மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபணுக்கூறுகளைக் கண்டறிந்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற பார்பரா மெக்ளின்டாக் அம்மையார், தம் பரிசு உரையில் திசு வளர்ப்பையும் உயிரணுவுக்கு நேரும் அதிர்ச்சிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார். 1987-இல் மினசோட்டாவில் பிலிப்சும் அவர் உடன் ஆய்வாளர்களும், திசுவிலிருந்து எழுந்த செடிகளின் வழித்தோன்றல்களில் அத்தகைய கூறுகள் விழித்தெழுந்து இயங்குவதைக் கண்டனர். கண்ணாடிக்குள் உயிரணு வாளாவிருப்பதில்லை; தன்னையே மாற்றிக்கொள்ள முனைகிறது. அம்மாற்றங்களில் பல பயனற்றவை; சில தீயவை; அரிதாகச் சில நல்லவை.

நல்லவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கா வரை சென்றது. 1980-களில் மினசோட்டாவில் ஆய்வாளர் மக்காச்சோளத் திசுவுக்கு இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியை ஊட்டி, அதைத் தாங்கும் உயிரணுக்களைத் தேர்ந்து செடிகளாக்கினர். அதன் பயனான விதை 1992-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. களைக்கொல்லி விற்போரின் நலனே அதன் முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பண்பு வேறொரு துயருக்கும் மருந்தாயிற்று. ஸ்ட்ரைகா என்னும் ஒட்டுண்ணிக் களை கிழக்கு ஆப்பிரிக்கச் சிற்றுழவரின் வயல்களை நெடுங்காலமாக வாட்டி வருகிறது. நம் சோளக் கொல்லைகளில் சுடுமல்லி எனப்படும் களையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே அது பயிரின் வேரைப் பற்றி உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. அதன் நுண்விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கின்றன. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோள விதையின்மேல் அம்மருந்தைச் சிறிதளவு பூசி விதைத்தால், வேரைத் தேடி வரும் ஒட்டுண்ணி அங்கேயே மடிகிறது. முதுகில் சுமந்து தெளிக்கும் கருவி தேவையில்லை. 2005-இல் கென்யாவில் இவ்விதை உழவருக்கு வழங்கப்படலாயிற்று.

இதற்கும் ஒரு விலை உண்டு. மருந்து பூசிய விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். வீட்டில் எடுத்து வைத்த விதை அப்படியே உதவாது. அதே கென்யாவில் சியாவுர் கான் என்னும் இந்தியரின் தலைமையில் வேறொரு வழியும் வளர்ந்தது. மக்காச்சோளத்திற்கு இடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை வளர்த்தால், அதன் வேர்ச்சுரப்பு ஸ்ட்ரைகாவை அடக்குகிறது. மாட்டுக்குத் தீவனமும் மண்ணுக்கு உரமும் கிடைக்கின்றன. ஒரு வழி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மற்றது வயலோரத்திலிருந்து வந்தது. ஏழையின் நிலத்தில் இரண்டுக்கும் இடமுண்டு என்றே நாம் கருதுகிறோம். எல்லாரும் ஒன்றையே பற்றவேண்டும் என்பதில்தான் 1970-இன் ஆபத்து மீண்டும் ஒளிந்திருக்கிறது.

நமக்கு எஞ்சுவது

இவ்வரலாற்றை அறிவியலுக்கு எதிரான சான்றாகக் காட்டுவோரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. 1970-இல் நாட்டை வீழ்த்தியது ஆய்வுக்கூடமன்று. கூலியை மிச்சப்படுத்தும் ஒரே வழியில் எல்லாரும் நிற்கவேண்டும் என்ற அவசரமே. அந்த அவசரம் எதைத் தாக்கியது, ஏன் தாக்கியது என்பதை நமக்குத் துலக்கியதோ ஆய்வுக்கூடம்தான். 1977-இன் மூவரும் தாம் தேடியது கிடைக்கவில்லை என்பதை மறைத்திருந்தால், 1986-இன் உண்மைக்கு வழி திறந்திராது. தாம் கண்டதை, தமக்கு ஏமாற்றமாயினும், உள்ளவாறே எழுதிய அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1902-இல் தன் தோல்வியை எழுதிவைத்த ஹேபர்லாண்டுக்கும் அவ்வாறே. பிலிப்பைன்ஸின் அந்த இருவருக்கோ நாம் பட்ட கடன் இன்னும் பெரிது. அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், கேட்பார் இல்லை.

1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவ்வழிவை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் மெக்சிகோவின் பெயர் அறியா உழவர் தம் குதிரில் செயலாகக் காட்டி வந்ததே: ஒரே விதையை மட்டும் நம்பாதே. கிரீன், பிலிப்ஸ் ஆகியோரின் செடிகள் எழுந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் அமெரிக்க விதை வயல்களில் கோடைதோறும் ஆண்கதிர்கள் நீக்கப்படுகின்றன. பெரும்பகுதியை எந்திரம் ஒடிக்கிறது, அது விட்டதை இளைஞர் நடந்து சென்று கையால் ஒடிக்கின்றனர். தேவையற்றதென ஒரு காலத்தில் எண்ணப்பட்ட அந்தக் கைகள் மீண்டும் அழைக்கப்பட்டன. அடுத்த முறை ஏதேனும் ஒன்று எல்லாருடைய உழைப்பையும் ஒரே நாளில் மிச்சப்படுத்தும் என்று நம்மிடம் சொல்லப்படும்போது, அதன் மறுமுகம் எது என்று கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை. அதற்கான விடை ஏற்கெனவே ஒரு சிறிய நாட்டின் இதழில் அச்சாகி நம் கவனத்திற்காகக் காத்திருக்கவும் கூடும்.